ஏழாம் கட்டத்தில் நான் எழுதியது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரியவந்தால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும். வருகிற கோபம் இப்போதே வந்துவிடட்டும்.

பதினான்கு வருடமாகக் கதை எழுதுகிறேன். மூன்று தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றை முழுதாகப் படித்தவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். எல்லோருக்கும் ஜன்னலோர இருக்கை கிடைக்கும். ஆனால் நான் எழுதிய ஐந்து வாக்கியங்களை மட்டும் ஒரு விசாரணை அதிகாரியும், அவருடைய மேலதிகாரியும், அரசு வழக்கறிஞரும், ஒரு நீதிபதியும் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார்கள். அவற்றின் கீழே என் பெயர் கிடையாது. என் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. அந்த ஐந்து வாக்கியங்கள் ஒரு மனிதரைப் பத்தொன்பது நாள் உள்ளே வைத்தன.

அவை கற்பனை என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆகவே உண்மையில் நடந்ததை இங்கே கதை என்ற பெயரில் எழுதுகிறேன். [இந்த வரி கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருக்கிறது. அடிக்கப் போனேன். இருக்கட்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.]

2

அக்காவுக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பைகள் ஊர்ந்து போகும் எக்ஸ்ரே இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்க்க வேண்டும். துணி, சோப்பு, சாப்பாடு எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரே பார்க்கக் கூடாது, கண் ஏமாந்துவிடும். எழுந்து வேறு இடத்தில் நின்றுவிட்டு மறுபடி வர வேண்டும். பதினோரு வருடமாக இதுதான். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவளை அக்கா தனியாளாகத்தான் வளர்க்கிறாள்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்க்கிறவர் தூங்கிவிடாமல் இருக்க, அவ்வப்போது யாரோ ஒருவருடைய உண்மையான பைக்குள் ஒரு பொய்த் துப்பாக்கியின் படத்தை அதுவே சொருகிவிடும். பார்த்ததும் பொத்தானை அழுத்தினால் ‘சோதனைப் படம்’ என்று திரையில் வரும். அழுத்தாவிட்டால் பேர் பதிவாகிவிடும். மூன்று முறை தவறவிட்டால் இயந்திரத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அக்கா அந்த மாதம் இரண்டு முறை தவறவிட்டிருந்தாள்.

(இடைக்குறிப்பு: இனி சொல்லப்போகும் உத்தரவை எழுதியவர்களை நான் கேலி செய்யப்போவதில்லை. அதற்கு முந்தைய வருடம் வேறொரு விமான நிலையத்தில் குண்டு வெடித்து நாற்பத்தோரு பேர் செத்தார்கள். பைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் அதில் ஒருத்தி. திரையில் ஏதோ தெரிந்திருக்கிறது. பையைக் கொண்டுவந்தவர் பார்க்க நல்லவராக இருந்தாராம், விட்டுவிட்டாள். அக்காவும் அவளும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை.)

அதன் பிறகுதான் புதிய உத்தரவு வந்தது. வீட்டில் செய்த மின்பொருள் எது வந்தாலும் பணியாளர் சொந்தமாக முடிவெடுக்கக் கூடாது. பயங்கரவாதத் தடுப்புப் பிரிவிடம் உடனே ஒப்படைக்க வேண்டும். கூடவே ஒரு படிவம், பத்துக் கட்டங்கள். ஏழாவது கட்டம் ‘நடத்தை’. பயணியிடம் சந்தேகத்துக்குரிய அறிகுறிகள் குறைந்தது மூன்று இருந்தால்தான் ஒப்படைத்தது செல்லும். இல்லாவிட்டால், எதற்காகப் பிடித்தாய் என்று பணியாளர்மேல் விசாரணை. பிடிக்காமல் விட்டாலும் விசாரணை.

அக்காவின் மேற்பார்வையாளர் இந்தப் படிவத்தைக் கரைத்துக் குடித்தவர். அவருக்குப் பணியாளர்கள் வைத்த பெயர் கட்டம்.

3

இனி அந்த மனிதர்.

‘பயந்த முகத்தோடு அவர் விமான நிலையத்துக்குள்—’

இல்லை. பயந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதித்தான் இந்த நிலைமை.

‘அது ஒரு செவ்வாய்க்கிழமை. வெயில்—’

வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ரேடியோ, மிக்சி, மின்விசிறி பழுது பார்க்கிறவர். அறுபத்திரண்டு வயது. தெருவில் எல்லோருக்கும் அவர் ரேடியோக்காரர். ஒரே மகள் கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். மகளைப் பார்க்கப் போயிருந்த மனைவிக்கு அங்கே பக்கவாதம் வந்துவிட்டது. பேச்சு போய்விட்டது, வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் லேசாக அசையும். தலைமாட்டில் நர்ஸைக் கூப்பிடும் பொத்தான் தொங்கியது. அதை அழுத்தும் பலம் அந்த விரல்களுக்கு இல்லை. மகள் போனில் இதைச் சொல்லி அழுதாள்.

ரேடியோக்காரர் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பா, ஒரு பேட்டரி, ஒரு சின்ன ஒலிப்பான், நாலு ஒயர், மேலே பஞ்சு வைத்த ஒரு பட்டை. பஞ்சின்மேல் விரல் பட்டாலே போதும், கத்தும். இறகால் தொட்டுப் பார்த்தாராம். கத்தியதாம். மூடி திறந்துகொள்ளாமல் இருக்கக் கறுப்பு டேப்பைச் சுற்றினார். துணிகளுக்கு நடுவில் வைத்துப் பையை மூடினார். அவர் விமானத்தில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

4

திரையில் அது வந்தபோது அக்கா நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். ஒயர், பேட்டரி, டேப், எல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பதைப் போலவே இருந்ததால் இயந்திரம் சொருகிய பொய்ப் படம் என்றே நினைத்தாள். இந்த முறை தவறவிடவில்லை என்ற சந்தோஷத்தோடு பொத்தானை அழுத்தினாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். வரவில்லை. பெல்ட் நின்றுவிட்டது.

“இந்தப் பை யாருது?”

“என்னுதும்மா.”

“உள்ள டப்பாவுல என்ன வெச்சிருக்கீங்க?”

“மணிம்மா.”

“மணியா?”

“என் சம்சாரத்துக்கு. ஆஸ்பத்திரில இருக்கா. மருந்து மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.”

அக்காவுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. இதை அவளே என்னிடம் சொன்னாள். திரையில் பார்த்தது என்ன என்றும், எதிரில் நிற்பவர் யார் என்றும் புரிந்துவிட்டது. ஆனால் பொத்தானை அழுத்தியாகிவிட்டது. இரண்டு காவலர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

“எதையும் தொடாதீங்க, பெரியவரே. அப்படியே நில்லுங்க.”

“அமுக்கிக் காட்டிடறேனேம்மா. சத்தம் கேட்டா உங்களுக்கே தெரிஞ்சிடும்.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

[இங்கே நீளமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவரை எப்படிக் கீழே தள்ளினார்கள், கன்னம் எப்படித் தரையில் பட்டது, வரிசையில் நின்ற ஒரு குழந்தை எப்படி வீரிட்டது என்றெல்லாம். எடுத்துவிட்டேன். கையை நீட்டினார், அது போதும்.]

5

வெடிகுண்டு நிபுணர் இருபத்தைந்து நிமிடத்தில் வந்து டப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது காலிங்பெல்லுங்க.”

இத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அதற்குள் ‘ஒப்படைப்பு’ என்று கணினியில் ஏறிவிட்டது. ஏறியதை இறக்கும் அதிகாரம் அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் இல்லை. சரிபார்க்க எழுபத்திரண்டு மணி நேரம் வைத்திருக்கச் சட்டத்தில் இடமிருந்தது. டப்பாவை வெட்டவெளியில் வைத்து வெடிக்கச் செய்து அழித்தார்கள். விதி அப்படி.

மேற்பார்வையாளர் அக்காவிடம் படிவத்தைக் கொடுத்தார்.

“அஞ்சு மணிக்குள்ள வேணும். ஏழாவது கட்டம் காலியா இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு.”

இரண்டரை மணிக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். என் வீட்டில் மின்சாரம் இல்லாததால், எழுதுவதற்காக அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருந்தேன். சீருடையைக் கூட மாற்றாமல் படிவத்தை என் முன்னால் வைத்தாள்.

“நீதான் நல்லா எழுதுவியே. இதை எழுதிக் குடுடா.”

“அவர் எப்படி இருந்தார், சொல்லு.”

“சும்மா நின்னார். வேர்த்திருந்துச்சு. அங்க எல்லாருக்கும் வேர்க்கும், ஏசி பாதி நாள் ஓடாது.”

‘அளவுக்கு மீறி வியர்த்திருந்தார்’ என்று எழுதினேன்.

“என்ன சொன்னார்?”

“முதல்ல மணின்னார். அப்புறம், ஆஸ்பத்திரில இருக்கிற சம்சாரத்துக்கு, மருந்து மாதிரின்னார்.”

‘பொருளைப் பற்றிக் கேட்டபோது முதலில் ஒன்றும் பிறகு வேறொன்றும் கூறினார்.’

“கண்ணைப் பாத்துப் பேசினாரா?”

“பையைப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடி பையைப் பாத்தார்.”

‘பார்வை நிலைகொள்ளாமல் இருந்தது.’

கை நீட்டியதை, ‘எச்சரித்த பிறகும் பொருளை இயக்க முயன்றார்’ என்று எழுதினேன். மனைவியை விட்டுவிட்டேன். அவரை வைக்கக் கட்டத்தில் இடமில்லை. மூன்று அறிகுறி போதும், நான்கு வந்துவிட்டது. அப்போதும் எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. பத்தி மொட்டையாக முடிந்ததாகத் தோன்றியது. கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: ‘அவருடைய அமைதி இயல்பானதாகத் தோன்றவில்லை.’

அக்கா அதைப் படித்துவிட்டு, “இது எதுக்குடா?” என்றாள்.

“அதான் முடிவு. படிக்கிறவங்க மனசுல நிக்கும்” என்றேன்.

நின்றது.

6

எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்ததும் நீதிபதி முன் கொண்டுபோனார்கள். டப்பா வெறும் மணிதான் என்று நிபுணரின் அறிக்கை சொன்னது. அரசு வழக்கறிஞர் எழுந்து, டப்பாவைப் பற்றித் தனக்கும் கவலையில்லை, ஆளைப் பற்றித்தான் கவலை என்றார். பாதுகாப்பை வேவு பார்க்க வெற்று டப்பாவோடு ஆள் அனுப்புவது உண்டு என்றார். பிறகு ஏழாம் கட்டத்தைப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். காவல் இன்னும் பதினாறு நாள் நீண்டது.

பதினோராம் நாள் பிற்பகல், கடலுக்கு அந்தப் பக்கம், மகள் மருந்து வாங்கக் கீழே போனாள். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு நாற்பது நிமிடத்தில் திரும்பினாள். அதற்குள் அம்மாவுக்குத் தொண்டையில் சளி அடைத்து மூச்சு போயிருந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் மேசை பதினைந்து அடி தூரத்தில் இருந்தது.

‘அந்த மணி மட்டும் இருந்திருந்தால்—’

எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். டாக்டரிடம் மகள் இதைத்தான் கேட்டாளாம். “பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம்மா” என்றாராம் அவர். அந்த வாக்கியத்தைத் திருத்த எனக்கு வழியில்லை.

ரேடியோக்காரருக்கு மறுநாள் சொன்னார்கள். பத்தொன்பதாம் நாள், வழக்கு எதுவும் இல்லை என்று வெளியே விட்டார்கள். ஆனால் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் தங்கிவிட்டது. பட்டியலில் பெயர் இருப்பவர் விமானத்தில் ஏற முடியாது.

7

அவருடைய கடைக்கு நான் போனேன். யார் என்று சொல்லிக்கொள்ளத் தைரியமில்லை. வீட்டிலிருந்த நல்ல ரேடியோவைத் திறந்து உள்ளே ஒரு ஒயரை வெட்டி, பழுது என்று எடுத்துப்போனேன்.

குறுகலான கடை. உரித்துப்போட்ட மின்விசிறிகள், மூடியில்லாத மிக்சிகள், ஈயம் உருகிய வாசனை. அவர் ரேடியோவைக் கழற்றி விளக்கின் கீழே பிடித்தார்.

“சார், இது தானா அறுந்தது இல்லை. அறுத்தது.”

“வீட்டுல பசங்க...” என்றேன். என் வீட்டில் பிள்ளைகள் கிடையாது.

அவர் பற்றவைத்துக்கொண்டே பேசினார். நான் கேட்கவே தேவையிருக்கவில்லை; வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் போல. மேல்முறையீடு செய்ததில் கோப்பின் நகல் கிடைத்ததாம். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். அரசாங்க முத்திரைக்குக் கீழே என் ஐந்து வரிகள்.

“படிச்சுப் பாருங்க. வேர்த்துக் கொட்டுச்சுன்னு இருக்கு. அமைதியா இருந்தேன்னும் இருக்கு. ரெண்டு பேரைப் பிடிச்சாங்களோ என்னவோ.”

சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

“இதை அந்தம்மா எழுதலை, சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“அவங்க என்கிட்ட பேசினாங்களே. என்னைக் கீழ தள்ளினப்ப, ‘விடுங்க, அவர் வயசானவர்’னு கத்தினது அவங்கதான். அவங்க இப்படிப் பேசுற ஆள் இல்லை. யாரோ உக்காந்து யோசிச்சு எழுதியிருக்காங்க.”

அக்கா கத்தியதை என்னிடம் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை.

“இப்ப என்ன செய்யப்போறீங்க?”

“வியாழக்கிழமை மறுஆய்வுக் குழு கூப்பிட்டிருக்கு. பேர் எடுத்துட்டாப் போதும். பொண்ணு அங்க தனியா இருக்கா. நடுவுல கடல். நடந்தா போக முடியும்?”

ரேடியோ பாடியது. மூடியைப் போட்டு, துடைத்து, என் கையில் கொடுத்தார்.

8

மறுஆய்வுக் குழு ஒரே கேள்விதான் கேட்கும். வாக்குமூலம் கொடுத்த பணியாளரை அழைத்து, ‘இதில் உள்ளது உண்மைதானா?’ என்று கேட்கும். ஆம் என்றால் ரேடியோக்காரரின் பெயர் இன்னும் ஐந்து வருடம் பட்டியலில் இருக்கும். இல்லை என்றால் அக்காவின் வேலை போகும். பயங்கரவாத வழக்கில் பொய் வாக்குமூலம் என்றால் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) அக்கா நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். அறை அமைதியாகிறது. ரேடியோக்காரர் கைகூப்புகிறார்.

(ஆ) அக்கா ஆம் என்கிறாள். வீட்டுக்கு வந்து மகளுக்குச் சோறு போடுகிறாள்.

(இ) நானே உள்ளே போய், எழுதியது நான் என்கிறேன். தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “நீங்க யாரு?” என்கிறார்.

இந்தப் பக்கங்களை எல்லாம் புதன்கிழமை மாலை அக்காவிடம் கொடுத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே முழுதும் படித்தாள். பென்சில் எடுத்து ஒரே ஒரு இடத்தில் திருத்தினாள். நிபுணர் வந்தது இருபது நிமிடத்தில் என்று நான் எழுதியிருந்தேன், இருபத்தைந்து என்று மாற்றினாள். அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்ட இடத்தில் வெகுநேரம் நின்றாள். அதை எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மூன்று முடிவுகளின் மேலும் குறுக்கே கோடு போட்டாள். அவள் நல்லவளாக வரும் முடிவின் மேல்தான் அழுத்திக் கோடு போட்டாள்.

“மூணாவதுல நீ உள்ள போனாக் கேப்பாங்க, யாரு எழுதச் சொன்னதுன்னு. அதை யோசிச்சியா?”

“யோசிச்சேன்.”

“கதை எழுதிக்கோ. என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. நாளைக்கு நான் அங்க என்ன சொல்லணும்னு மட்டும் எழுதாதே. ஒரு தடவை எழுதிக் குடுத்தே, போதும்.”

உள்ளே போய், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

9

வியாழக்கிழமை, காலை பத்தே கால். அலுவலகக் கட்டிடத்தின் மூன்றாம் மாடி நடைபாதை. இதை நான் முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது.

நடைபாதையில் ஒரே ஒரு பெஞ்சுதான். அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். ரேடியோக்காரர் படியேறி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் கோப்பு. எங்களைப் பார்த்து நின்றார். அக்கா எழுந்துவிட்டாள்.

“உக்காருங்கம்மா” என்றார். “நின்னா மட்டும் சீக்கிரமாவா கூப்பிடப்போறாங்க.”

அக்கா உட்காரவில்லை. “உங்க வீட்டம்மா விஷயம்...” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும்மா. நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சு.”

கதவு திறந்தது. பணியாளர் ஒருவர் அக்காவின் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் புடவை முந்தானையைச் சரிசெய்தபடி உள்ளே போனாள். சீருடையில் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். அவர் என் நோட்டைப் பார்த்தார், பிறகு என்னை.

“ரேடியோ நல்லாப் பாடுதா?”

“பாடுது.”

“அந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?”

“தம்பி.”

தலையை ஆட்டினார். நேராகப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

“எழுதுறதுதான் உங்களுக்கு வேலையா?”

ஆமாம் என்றேன். அந்த ஐந்து வரியும் நான் எழுதியது என்றேன். எழுதும்போது அவர் மனைவியைப் பற்றித் தெரிந்துதான் எழுதினேன் என்றேன். இதற்கு முன்வரைவு எதுவும் இல்லை. வார்த்தைகள் தாறுமாறாகத்தான் வந்தன.

அவர் எழுந்துபோய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காகிதம் நெரிந்தது.

“அவ பேரு என்னன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

தெரியாது என்றேன்.

சொன்னார். அதை இங்கே எழுதக் கூடாது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. நானாகத்தான் எழுதவில்லை.

உள்ளே யாரோ கேள்வி கேட்கும் குரல் கேட்கிறது. அக்காவின் குரல் இன்னும் கேட்கவில்லை. அவள் வாயில் வார்த்தை வைக்க எனக்கு இனி உரிமையில்லை. அவள் சொல்லப்போவது எதுவானாலும் அது உங்களுக்கு என் வழியாக வராது. உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். அதை வெளியே சொல்லிப் பாருங்கள். சொல்வதற்கு முன்னால் பத்தாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணையும், கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோக்காரர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நோட்டை மூடிவிட்டு